டிக்கிக் கம்பி

தென்காசியில் என் வீட்டுக் கார் ஷெட்டில், இரும்பைச் செதுக்கும், மேஜைமேல் வைக்கும் சின்ன மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பாகம் கனம் தாங்காமல் சரிந்துகொண்டே இருந்தது. தாங்கிப் பிடிக்க, ஏதோ பழைய காரின் டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்தும், குழல் மாதிரியான கேஸ் கம்பியை வாங்கி வந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அன்று மாலையே சாரலில் நனைந்தபடி ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"பேப்பர்ல சுத்தி ஒரு குழலு கொண்டாந்தீயளே, அது என்னது?"

"டிக்கிக் கம்பி அண்ணாச்சி."

"ஒங்க காரு டிக்கி நல்லாத்தான இருக்கு?"

குழலையும் மெஷினையும் சேர்த்துப் பார்த்து, நான் துப்பாக்கி செய்வதாக நினைக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்டேஷனில் ஏற்கெனவே சொல்லிவிட்டாரோ? கம்பியை அவர் எதிரிலேயே மெஷினில் மாட்டினேன். தலைப்பாகத்தை விரலால் தூக்கினேன். விட்ட இடத்தில் நின்றது. அவரும் அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் நிக்கு," என்றவர், குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். "அந்தப் பெட்டில என்ன வச்சிருக்கீய?"

துளைபோடும் டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் ஷெட் கதவை நான் சாத்துவதில்லை. மதில்மேல் அவர் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் வேலை செய்கிறேன்.