தண்ணீர் கேட்காத செடி

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலை, அடையாறில் சாலையோர நர்சரி ஒன்றில் ஒரு செடி வாங்கினேன். டஸ்டி மில்லர் என்று பெயர். வெள்ளி முலாம் பூசிய மாதிரி இலை, தொட்டால் வெல்வெட். ஆனால் அழகுக்காக வாங்கவில்லை... ஒருவரை ஏமாற்றுவதற்காக வாங்கினேன்.

ஆமாம், நானேதான். மண் கலவை, வேப்பம் புண்ணாக்கு, மாவுப்பூச்சிக்கு வைத்தியம் என்று வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு வகுப்பெடுக்கிற அதே ஆள்.

யாரை ஏமாற்ற? லூர்து அக்காவை.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கிறார். பெசன்ட் நகருக்கு நான் குடிவந்த நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மீன் அவரிடம்தான். செவுளைத் தூக்கிக் காட்டி, சிவப்பாக இருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் தராசில் போடுவார். சில நாள் நான் ஆசைப்பட்டு வஞ்சிரத்தைக் காட்டினால், "அத்த வேற யாருக்னா குடுக்கறேன். நீ இத்த எடுத்துக்கினு போ" என்று அன்றைக்குப் பிடித்த சங்கராவைத் தள்ளிவிடுவார். பக்கத்துக் கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அக்காவின் ஒரே மகன் ஜெரோம். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். போன வருஷம் கப்பலில் காய்ச்சல் கண்டு, எங்கேயோ ஒரு துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். வயது இருபத்தாறு. என் வயது.

முதலில் பெட்டியில் உடம்பு வந்தது. ஒரு மாதம் கழித்து அவன் பை வந்தது. பையில் இரண்டு ஜீன்ஸ், ஷேவிங் செட், பாதி தீர்ந்த பாடி ஸ்ப்ரே. அப்புறம், பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டுக் காய்ந்த செடி.

அதை அக்கா தூக்கிப்போடவில்லை. ஏனென்றால் அது என்னவென்று அவருக்குத் தெரியும். கப்பல் சமையல்காரர் கிரேக்க நாட்டுக்காரராம். யாருக்காவது சளி என்றால் இந்தத் தண்டை ஒடித்துப் போட்டு, கொதிக்கவைத்து, தேன் விட்டுத் தருவாராம். "மலை டீம்மா, வரும்போது ஒனக்கு எடுத்தாறேன்" என்று ஜெரோம் போனில் சொல்லியிருக்கிறான்.

எடுத்துவந்தும் விட்டான்.

இந்தக் கதையெல்லாம் எனக்கு ஜூன் மாதம்தான் தெரியவந்தது. ஒரு ஞாயிறு மீனை நறுக்கிக்கொண்டே, தண்ணீர் ஊற்றாமல் பிழைக்கிற பூச்செடி ஏதாவது உண்டா என்று அக்கா கேட்டார். ஜெரோம் கல்லறையில் வைக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாதம் ஒரு தடவைதான் போக முடிகிறது. வைத்த ரோஜா மூன்றும் கருகிவிட்டன. குரோட்டன்ஸும் போய்விட்டது.

என்னிடம் செடி பற்றிக் கேட்டால் கேட்க வேண்டுமா? உடனே ஆரம்பித்துவிட்டேன். பூக்கிற கள்ளி வகைகளில் ஏழெட்டு இருக்கிறது அக்கா, அத்தனையும்...

"எம்புள்ள மேல முள்ளா வெக்கச் சொல்ற?"

சட்டென்று வண்டியைத் திருப்பினேன். நித்யகல்யாணி வையுங்கள், எந்த வெயிலுக்கும் அசையாது என்றேன். அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். அது அங்கே எல்லார் கல்லறையிலும் தானாகவே முளைத்துக் கிடக்கிறதாம். தன் பிள்ளைக்கென்று ஒன்று வேண்டுமாம். பிறகு அவராகவே சொன்னார் — அவன் கொண்டுவந்த டீகூட ஏதோ மலையில், பாறை இடுக்கில், மழையே இல்லாமல் வளருமாம்.

என் காது நிமிர்ந்தது. அந்த டீயைப் பார்க்கலாமா அக்கா?

வீட்டுக்குக் கூட்டிப்போனார். நடுத்தெருவில் வலை காய்ந்துகொண்டிருக்க, ஓரமாக ஒதுங்கி நடந்து போகிற சந்து. உள்ளே அலமாரியில், மாதா படத்துக்குக் கீழே, அந்தக் கட்டு. பதினெட்டுத் தண்டு மிச்சமிருந்தது. ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகக் காய்ந்த மஞ்சள் பூ, சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இலை. அக்கா ஒரு தண்டை எடுத்து மூன்றாக ஒடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, பனங்கற்கண்டு சேர்த்து எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். காய்ந்த எலுமிச்சைத் தோல் வாசனை. நாக்கில் லேசான துவர்ப்பு. தொண்டையில் இதமாக இறங்கியது.

அவர் தினமும் குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒரு தண்டு. அவ்வளவுதான். "அன்னிக்கு மட்டும் அவன்கூட ஒக்காந்து டீ குடிக்கிறாப்ல இருக்கும்."

நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. கையிலிருந்த போனில் அந்த மலை டீயைத் தேடிக்கொண்டிருந்தேன். வறட்சியைத் தாங்கும், பாறை மண் போதும், சுண்ணாம்புச் சத்து பிடிக்கும், பூத்த தண்டில் விதை இருக்க வாய்ப்புண்டு... வேறென்ன வேண்டும் எனக்கு? அக்கா, இந்தத் தண்டிலேயே விதை இருக்கும். நவம்பருக்குள் செடியாக்கித் தருகிறேன். கல்லறைத் திருநாளுக்கு ஜெரோம் கொண்டுவந்த செடியையே ஜெரோமுக்கு வைக்கலாம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததே... அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

தண்டுகளை எண்ணிப் பார்த்து, "எல்லாமேவா வேணும்?" என்று கேட்டார்.

தண்டு அதிகமானால் விதையும் அதிகம் என்றேன். கணக்குப்படி சரிதான். மிச்சமிருந்த பதினேழையும் காகிதத்தோடு மடித்துக் கொடுத்துவிட்டார்.

பதினேழு தண்டையும் உதிர்த்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கடுகைவிடச் சின்னதாக, பதினொரு விதை. மலைக்குளிரில் கிடந்தால்தான் உறக்கம் கலையும் என்று படித்ததால், ஈரத் துணியில் சுற்றி மூன்று வாரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். அக்கா கடற்கரையில் சிப்பி பொறுக்கி, உரலில் இடித்து, சலித்துத் தந்தார். அதைச் சரளை மணலில் கலந்து விதைத்தேன்.

ஆகஸ்டில் மூன்று முளைத்தன.

அன்றைக்கு அக்கா என் மொட்டை மாடிக்கு வந்தார். லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலு மாடி. மாடிக்கு மாடி நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டே ஏறினார். தொட்டியின் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தொட்டுப் பாருங்கள் என்றேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "வேணாம் பாப்பா. கைல மீன் வாசன. அதுக்கு ஒத்துக்காது."

ஒரு செடி நவம்பரில் கல்லறைக்கு, ஒன்று என் மாடிக்கு, ஒன்று அவர் வீட்டு வாசலுக்கு என்று அங்கேயே பங்கு பிரித்தோம். கல்லறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்கிற கவலை இனி இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். போகும்போது மூன்றுக்கும் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் அக்டோபர்.

உங்களுக்குத் தெரியாததா? மழைக்கு முன்னால் சென்னைக் காற்று எப்படி இருக்கும்? பிழிந்தால் சொட்டும். அந்தச் செடிக்கு வெயில் பிரச்சினை இல்லை, தாகம் பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் தாங்கப் பிறந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தை மட்டும் தாங்கவில்லை. மழை படாமல் ஷீட்டுக்கு அடியில் வைத்தேன். டேபிள் ஃபேன் போட்டேன். சிரிக்காதீர்கள், செடிக்கு ஃபேன் போட்டேன். ஒன்று அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தது. நாலு நாளில் இரண்டாவது. மூன்றாவது, அரை விரல் உயரம் வளர்ந்து நம்பிக்கை கொடுத்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை காலையில் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

அந்த ஞாயிறு மீன் வாங்கப் போனேன். செடி எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டார்.

"நல்லா இருக்குக்கா."

அடுத்த ஞாயிறும் கேட்டார். நல்லா இருக்குக்கா. நடுவில் போன் செய்து, கல்லறைத் திருநாளன்று எடுத்துக்கொண்டு போக ஆட்டோவா, பஸ்ஸா, செடி குலுங்கினால் பரவாயில்லையா என்றார். ஆட்டோவே நல்லதுக்கா என்றேன்.

ஏன் சொன்னேன்? பாவம், அவர் மனசு நோகுமே என்றுதான். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் கருணை. யார்மேல் கருணை? யோசித்துப் பார்த்தால் முக்கால்வாசி நேரம் நம்மேல்தான்.

இப்படித்தான் டஸ்டி மில்லர் வரைக்கும் வந்தேன். அதே வெள்ளி இலை. அதே பஞ்சு. அக்கா முளையைத்தானே பார்த்திருக்கிறார்? இரண்டு மாதத்தில் வளர்ந்துவிட்டது என்றால் நம்பிவிடுவார். நர்சரி பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, மண் தொட்டிக்கு மாற்றி, மேலே சிப்பித் தூளைக்கூடத் தூவினேன். எவ்வளவு கவனம் பாருங்கள்.

குப்பத்தில் அக்கா சங்கராவுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்ததும் எழுந்து, குடத்துத் தண்ணீரில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். இரண்டு தடவை கழுவினார். பிறகு ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, மூக்கருகே கொண்டுபோனார்.

மறுபடியும் முகர்ந்தார்.

நாள் முழுக்க மூக்கால் பிழைப்பவர் அவர். அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை?

"வாசனையே இல்லியே பாப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். செவுளைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

"மூணும் செத்துப்போச்சா?"

தலையை ஆட்டினேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். இலையைக் கீழே போட்டுவிட்டு, மறுபடியும் பலகையில் உட்கார்ந்தார். அவர் குரல் உயரவேயில்லை.

"கப்பல் ஏஜென்டும் இப்டித்தான். நாலு நாளு போன் போட்டுக்கினே இருந்தேன். நல்லா கீறான்மா, கஞ்சி குடிச்சான்மா, நல்லா கீறான்மா. நானும் நம்பிக்கினு, வந்தா இன்னா ஆக்கிப் போடலாம்னு யோசிச்சிக்கினு கெடந்தேன். அவன் மொத நாளே பூட்டான்."

மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் உரசினார்.

"நீயும் நல்லா கீதுன்னு சொன்ன."

மன்னிச்சுக்கங்க அக்கா என்று ஏதோ முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை. தலையை நிமிர்த்தாமல் கேட்டார். விதை எடுத்த பிறகு மிச்சமிருந்த இலை, தண்டு எல்லாம் எங்கே? அதையாவது கொடுத்துவிடு, போட்டுக் குடிக்கலாம்.

விதை எடுத்த அன்றைக்கே அந்தச் சருகையெல்லாம் அள்ளி உரத் தொட்டியில் போட்டுவிட்டேன். தோட்டக்காரப் புத்தி. காய்கறித் தோலோடு, முட்டை ஓட்டோடு. எப்போதோ மக்கி, கத்தரிக்குப் போய்விட்டது.

இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. அப்படியே சொன்னேன்.

உரசுகிற கத்தி நின்றது. பிறகு வேலை தொடர்ந்தது. வேறு ஆள் மீன் கேட்டு வந்தார். நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும் போனேன். கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம். சுண்ணாம்பு அடித்து, சாமந்தி பரப்பி, மெழுகுவர்த்தி வரிசை வைத்து, குழந்தைகள் சுண்டல் தின்றுகொண்டு... ஏதோ திருவிழா மாதிரி. ஜெரோம் கல்லறையிலும் சாமந்திதான். அக்காவுக்கு நாலடி பின்னால் நின்றேன். என்னைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த மெழுகுவர்த்தியில் ஒன்றை மட்டும் நீட்டினார். வாங்கிப் பற்றவைத்தேன்.

அப்போது அவருடைய நாத்தனார் வந்தார். அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பார் போல. கல்லறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, புள்ள கொண்டாந்த செடின்னு சொன்னியே, எங்க?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

"செத்துப்போச்சி" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பதினாறு நாள் எடுத்துக்கொண்டேன்.