மாமனாரும் மருமகனும் தூக்கிய ஸ்ட்ரெச்சர்

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் வேனில் நர்ஸாக இருந்தேன். ரோடு முடிகிற இடத்தில் வேன் நின்றுவிடும். அதற்கு அப்பால் இருக்கும் நோயாளியை ஊர்க்காரர்கள்தான் தூக்கி வர வேண்டும். அதனால் மலைக்கிராமங்களுக்குப் போய் ஸ்ட்ரெச்சர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் தலையில் விழுந்தது. மொத்தம் ஐந்து வார்த்தைகள்: பிடி, தூக்கு, நட, நில், இறக்கு. தலைமாட்டில் பிடிப்பவர் முன்னால் போவார், அவர்தான் சொல்வார். கால்மாட்டில் இருப்பவர் அதன்படி செய்ய வேண்டும்.

மாரமங்கலத்தில் என் பாடம் எடுபடவில்லை. அங்கே கோழியைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

"ஏனுங்க சிஸ்டர், பெரியவங்களப் பாத்து 'நில்லு'ன்னு எப்படிங்க சொல்றது?"

"உயிர் போற நேரத்துல மரியாதையா பார்ப்பீங்க?" என்று எரிந்து விழுந்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள், காபி கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த மழையில் அந்த ஊரிலிருந்தே ஆள் ஓடி வந்தது. காபிப் பழம் பறிக்கப் போன ஒரு பெண் சரிவில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரோடு ஏறிப் போய் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினேன். பாதம் சில்லிட்டுக் கிடந்தது, நாடி இருக்கிறதா இல்லையா என்றே சரியாகத் தெரியவில்லை. சீக்கிரம் சேலம் போய்ச் சேராவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும்.

தலைமாட்டில் அவள் கணவன் நின்றான், கால்மாட்டில் அவள் அப்பா.

"தூக்கலாமுங்களா மாமா?"

"நீங்க சொன்னாச் சரிதானுங்க மாப்ளே."

"இல்லீங்க, நீங்க சொல்லுங்க."

ஒருவர் தூக்க, மற்றவர் காத்திருக்க, ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. அவள் அலறினாள். நான் கத்தியதும் இருவரும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் அது ஒற்றையடிப் பாதை. பின்னால் வந்த எனக்கு முன்னே கல் இருக்கிறதா, வேர் இருக்கிறதா என்று எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளை திடீரென்று நிற்பான், மாமனார் போய் முட்டுவார், அவள் துடிப்பாள்.

மூன்றாவது முறை முட்டியதும் அவள் தலையைத் திருப்பி முன்னே பாதையைப் பார்த்தாள். தினமும் கூடையோடு ஏறி இறங்குகிற பாதை அவளுக்கு அத்துப்படி.

"போதும்! ரெண்டு பேரும் வாய மூடு. இனி நாஞ் சொல்றேன். நட!"

மாமனாருக்கு வாய் பிளந்தது, ஆனால் கால் நடந்தது.

"நில்! வேரு இருக்குது. தூக்கு... இன்னும் தூக்கு! நட!"

புருஷனையும் அப்பனையும் ஒரே மூச்சில் அவள் அதட்டியது எனக்குக் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. அதன்பிறகு ஸ்ட்ரெச்சர் ஒருமுறைகூடச் சாயவில்லை. வேனுக்குப் பக்கத்தில் "இறக்கு!" என்றாள், இறக்கினார்கள்.

அன்றே சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் வார்டுக்குப் போனேன். மாவுக்கட்டுக்கு வெளியே விரல்கள் நல்ல நிறத்தில் இருந்தன. அப்பா கட்டில் ஓரமாகக் குனிந்து, "கட்ட விரல ஆட்டு சாமி" என்றார். ஆட்டினாள். "இன்னொருக்கா." ஆட்டினாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கும் கேட்க ஆசை. ஆனால் மாமனாருக்கு எதிரில் பெண்டாட்டியின் காலைப் பார்த்து என்னவென்று கேட்பது? ஜன்னலைப் பார்த்தபடி நின்றான்.

"ஏனுங்க, இங்க பாருங்க" என்று கூப்பிட்டு, அவனுக்காக ஒருமுறை ஆட்டிக் காட்டினாள்.