நாற்று நட்ட கை

படம் எடுத்தபோது அமிர்தத்துக்குப் பதினேழு வயசு. அதைப் பார்த்தபோது ஐம்பத்தைந்து.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், அவள் பிறந்த ஊர் வயலில்தான் எடுத்தார்கள். கதாநாயகிக்கு நடவு தெரியவில்லை. நட்ட நாற்றெல்லாம் மிதந்தது. டைரக்டர் நடவாட்களில் அமிர்தத்தைக் கூப்பிட்டு, நாயகியின் புடவையைக் கட்டச் சொல்லி, அவள் கையை மட்டும் எடுத்தார். அரை நாள் வேலை. அன்றைக்குக் கதாநாயகன் ஊரிலேயே இல்லை.

சாயங்காலத்துக்குள், நடிகன் அவள் கையைப் பிடித்தான் என்று ஊர் பேசிவிட்டது. தாய்மாமன் மகன் குணசேகரனுக்குப் பரிசம் போட்டிருந்தது. மாமன் வந்து தாம்பூலத் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். படம் வரட்டும், தெரிந்துவிடும் என்றார் அப்பா. படம் டெல்லிக்குப் போய் விருது வாங்கியது. இந்தப் பக்கத்துக் கொட்டகை எதற்கும் வரவில்லை. மறு வருஷம் இராஜாங்கத்துக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டாள்.

அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. குழம்பில் உப்புக் கூடினால் மட்டும், "நடிகன் பிடிச்ச கைதானே" என்பார். அவ்வளவுதான். முப்பத்தேழு வருஷமாக அவ்வளவுதான்.

படம் ஒரு நாள் வந்து உண்மை வெளிப்பட்டால் மாவிளக்குப் போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். போன வாரம் மருமகள் ஜெயபாரதி செல்போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை டிவியில் போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள். அன்று காலையிலேயே அமிர்தம் பச்சரிசி ஊறப்போட்டாள்.

இராஜாங்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படம் நகரவே இல்லை. மழை பெய்தது, நின்றது. நாயகி வாய்க்காலைப் பார்த்தாள், நாயகன் அவளைப் பார்த்தான்.

"அத்தை, இவர் இந்த வரப்பைத் தாண்டுறதுக்குள்ள நான் சோறு வடிச்சிட்டு வந்துடுவேன்" என்றாள் ஜெயபாரதி.

அமிர்தம் சிரிக்கவில்லை. படத்துப் பெண் ஒருத்தனுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தாள். அதற்குத்தான் விருது கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து வயல் வந்தது. சேற்றில் இரண்டு கை. இடக்கையில் நாற்று முடி, ஆள்காட்டி விரலில் அரிவாள் வெட்டிய தழும்பு. வலக்கை நாலு குத்து நட்டது. பக்கத்தில் ஆள் இல்லை, நிழல்கூட இல்லை. பிறகு வானம் வந்துவிட்டது.

ஜெயபாரதி அத்தையின் விரலைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மாமனாரிடம் திரும்பினாள். "பாத்தீங்களா மாமா? யாருமே இல்ல."

படம் முடிகிறவரை இராஜாங்கம் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த இடத்தை வெட்டி எடுத்திருப்பான்" என்றார்.

அமிர்தம் உள்ளே போய் அரிசியை வடிகட்டி உரலில் போட்டாள். ஆத்தாளைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைக் காட்டிவிட்டாள். இவர் நம்ப வேண்டும் என்று நேர்ந்துகொள்ளத்தான் பதினேழு வயசில் அவளுக்குத் தோன்றவில்லை. அப்போது இவர் யாரென்றே தெரியாது.

வாசலிலிருந்து குரல் வந்தது. "மாவுல எனக்குக் கொஞ்சம் எடுத்து வை. வெல்லம் தூக்கலா இருக்கட்டும்."

கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்து, அந்தக் கையாலேயே எடுத்து வைத்தாள். அவர் சாப்பிட்டார். இனிப்பு சரியாக இருந்தது போலிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.