காளவாசல் வந்தால் எழுப்புங்கள்

சம்பந்தி முத்துராமு போய்விட்டார் என்று மருமகன் போனில் சொன்னபோது, நான் அலங்காநல்லூரில் என் வயல் வரப்பின்மேல் நின்றிருந்தேன். என் மனதில் முதலில் வந்து நின்றது, பேத்தி சுபாவின் பக்கத்தில் கிடக்கும் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி. அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்ன, அவரோடு பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள், நான் நாற்காலியில் தொடங்குகிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எழுதத் தெரியாது; நான் சொல்லச் சொல்ல சுபாதான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். அவளை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வராது.

ஆனையூர் வீடு அவருடையது. என் வீட்டுக்காரி போன பிறகு, மகளைக் கட்டிக்கொடுத்த அந்த வீட்டில் நானும் வந்து ஒண்டினேன். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. சுபா கல்லூரி முடித்து, வேலைக்காக ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க உட்கார்ந்தாள். ஓய்வுபெற்ற கண்டக்டரான சம்பந்தி, "நானும் படிக்கிறேன் ஆத்தா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம், பொத்தானை அமுக்கினால் திரை வணக்கம் சொல்லும்படி அவர் எழுதினார். திறந்த உடனேயே அது வணக்கம் சொல்லிவிட்டது, அமுக்கினால் பேச்சில்லை.

"அய்யா, வணக்கம் சொல்ற வேலைக்கு வச்ச பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறி போட்டுட்டீங்க, அதான் இப்பவே ஓடிருச்சு. வெறும் பேரைக் குடுங்க. அமுக்குறப்போ அதுவே கூப்பிட்டுக்கிடும். அதுக்குப் பேருதான் கால்பேக்" என்றாள் சுபா. அவளுக்கு அப்பாவைப் பெற்றவர் அய்யா, நான் தாத்தா.

அவர் யோசித்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். "அட! காளவாசல் ஸ்டாப் வந்தா எழுப்பி விடுங்கண்ணேன்னு சொல்லிட்டு ஒருத்தன் பஸ்ஸுல தூங்குறான். நான் ஆனையூர்லயே அவனை எழுப்பிட்டேன்! எப்படி எழுப்பணும்ங்கிறது என் வேலை. எப்பங்கிறதைக் காளவாசல் சொல்லணும்."

சுபா சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் சுபாவிடம் வாங்கியதே இல்லை.

இன்னொரு நாள் 'அரே' என்ற பாடம் நடந்தது. வரிசையாய் வைத்த சாமான்களுக்கு அப்படிப் பெயராம். அவருக்கு அதுவும் பஸ்தான். "மேப்னா டிக்கெட் கிழிக்கிறது. எம்புட்டு ஆளோ அம்புட்டு டிக்கெட். ஃபில்டர்னா, காளவாசல்ல இறங்குறவுகளை மட்டும் பிரிச்சுக்கிறது."

எனக்குத் தாங்கவில்லை. கட்டிலில் இருந்தே கேட்டேன்: "ஒருத்தனுக்கு டிக்கெட் குடுக்க மறந்துட்டா என்ன செய்வீக சம்பந்தி?"

"வரிசையில அவன் இடம் வெறுமையா நிக்கும் சம்பந்தி. ஆனா, இடம் நிக்கும்."

"அப்படியேதான் அய்யா! கரெக்ட்!" என்றாள் சுபா.

மடக்கப் போய், அவருக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்தேன். அவரோ, "கேள்வி கேட்டது உன் தாத்தாதானே" என்று என்னைக் காட்டினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரியம் முடிந்த வாரம் சுபாவுக்கு இன்டர்வியூ. முந்தின நாள் என்னிடம் வந்தாள். "தாத்தா, தூங்குற ஆளு கதையை அய்யா எப்படி ஆரம்பிப்பாரு? எனக்கு வரமாட்டேங்குது."

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தொடையில் தட்டுவது முதற்கொண்டு, ஒரு சொல் சிந்தாமல் சொன்னேன். அதே சிரிப்பு வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே அய்யா மாதிரி" என்றாள்.

நாற்காலி எனக்கு வந்துவிட்டது. சிரிப்பு இன்னும் அவருக்குத்தான் போகிறது. பொறாமையில் ஒட்டுக்கேட்டு வைத்த அவர் பேச்சு அத்தனையும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சும்மா எடுத்துவிட மாட்டேன். சுபா கேட்கும்போது சொல்வேன்.