டிராகனுக்கு வைத்த குங்குமம்

ஏழு வருடங்களுக்குப் பிறகு இன்று மறுபடியும் ஒரு பொம்மைக்கு வண்ணம் தீட்டி முடித்தேன். கட்டைவிரல் உயர டிராகன்.

பார்வை மங்கி ஒரு குட்டி வீரன் பொம்மையின் கண்ணைக் கோணலாக்கிக் கெடுத்த அன்று விட்டது. கண்புரை அறுவை முடிந்ததும் ஆசை திரும்பியது. இந்த டிராகனின் கண்களும் கோணினால் வண்ண டப்பாக்களை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு புள்ளிகள் வைத்தேன். நேரா, கோணலா? எனக்கே தெரியவில்லை. காயட்டும் என்று ஜன்னலில் வைத்தேன்.

கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த எதிர்வீட்டுச் செண்பகத்தம்மாள் ஜன்னலருகே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, நேர்த்திக்கடன் நாகரா? எங்க வாங்குனிய? என்னமா முழிக்கு!"

"வாங்கலம்மா, நான்தான் பெயின்ட் அடிச்சேன். அது நாகர் இல்ல, டிராகன்."

"எதுவா இருந்தா என்ன? நேரா நம்மளயே பாக்குல்லா!"

சொல்லிக்கொண்டே அதன் நெற்றியில் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஈர வண்ணத்தில் குங்குமம் நன்றாக ஒட்டிக்கொண்டது. எனக்கு வருத்தமே இல்லை. வண்ணம் தீட்ட அடுத்த பொம்மையை எடுத்து வைத்துவிட்டேன்.

நாளைக்குப் பாலும் முட்டையும் கொண்டுவருவாராம். நெருப்புக் கக்குகிற பிராணிக்கு அது ஒத்துக்கொள்ளுமா? தெரிந்தவர்கள் சொல்லவும்.