கல் கழுவிப் போட்ட சுவர்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும். மறதியும் சேர்ந்துகொண்டது, முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் இருக்கும். செஞ்சியில் மலைச் சரிவை ஒட்டி எங்கள் வீடு. மூத்த மகள் தூளியில் கிடந்த சமயம். அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் மண்ணும் கல்லுமாகச் சரிந்து வந்து பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டகையை மூடிவிட்டது. அதனால் கோடையில் சரிவைச் செதுக்கி, கீழே கல்சுவர் கட்ட ஏற்பாடு நடந்தது. அதற்கு ஒரு பெரிய மிஷின் வந்தது. இரும்புக் கயிறு இழுக்க, பல் வைத்த தொட்டி ஒன்று மண்ணைக் கடித்து அள்ளும். வல்லத்திலிருந்தெல்லாம் அதைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள்.

நான் அங்கே சித்தாள் வேலைக்குப் போனேன். எல்லோருக்கும் மிஷின் மேல் கண் என்றால் எனக்கு வேறொன்றில் கண். சுவருக்குப் பின்னால், யாரும் பார்க்கப் போகாத இடத்தில் கொட்டுகிற ஜல்லி அது. அதை மண் போகக் கழுவிப் போடச் சொன்னார்கள்.

"இன்னாடி இது, ஒலையில போட்ற அரிசியா?" என்று கூட வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள்.

சுவரிலும் அங்கங்கே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டே கட்டினார்கள். எதற்குக் கழுவ வேண்டும், எதற்கு ஓட்டை? மேஸ்திரியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெளி ஆண்களிடம் நின்று பேசிய பழக்கம் இல்லை.

எங்கள் கொல்லையை ஒட்டிய சுவர் முடிந்து, மிஷின் தள்ளிப் போயிற்று. ஓட்டைகளைப் பார்த்ததும் என் மாமியாருக்குப் பாம்பு நினைப்பு வந்துவிட்டது. அவருடைய தம்பி பாம்பு கடித்துச் செத்தவர். "பச்சக்கொழந்த கீற ஊடு" என்று சொல்லி, பழைய புடவையைக் கிழித்துத் திணித்து, மேலே களிமண் வைத்து எங்கள் பக்கத்து ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டார். பார்க்க மெழுகிய மாதிரி அழகாகத்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் கொல்லையில் நின்று பார்க்கிறேன், தூரத்துச் சுவரில் ஓட்டைக்கு ஓட்டை தண்ணீர் கொட்டுகிறது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு இல்லை. ஆனால் கல் இடுக்கெல்லாம் வியர்த்த மாதிரி கசிந்தது. சுவர் நடுவில் கொஞ்சம் உப்பியிருந்ததா, என் கண்தான் அப்படிக் காட்டியதா, தெரியவில்லை.

மிஷின் ஓட்டுகிற டிரைவர், வேலூர்ப் பக்கத்து ஆள், அப்போது மழைக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கியிருந்தார். மாமியார் அவருக்குச் சுக்குக் காபி கொடுத்திருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அங்கல்லாம் தண்ணி ஊத்துது. எங்க பக்கம் மட்டும் ஏன் வரல?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். திரும்பி வந்ததும், "கொழந்தய தூக்கினு தெருப் பக்கம் போம்மா" என்றார். கடப்பாறையை எடுத்தார். மாமியார் குறுக்கே நின்றுகொண்டார்.

"தொறந்தா பாம்பு வரும். நீயா புடிப்ப?"

"பாம்பு வந்தா நான் புடிக்கிறேன் ஆயா. மலை வந்தா நீ புடிப்பியா?"

மாமியார் என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு நகர்ந்தார்.

டிரைவர் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று குத்தினார். புடவைத் துணி உருண்டு வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதலில் கேழ்வரகுக் கூழ் மாதிரி கலங்கல். போகப் போகத் தெளிந்தது. தெருவில் நிற்கச் சொன்னதை மறந்து நான் பார்க்க வந்துவிட்டேன். கடைசி ஓட்டையிலிருந்து ஒரு தவளை குதிக்க, மாமியார் ஓடிய ஓட்டத்தில் டிரைவரே சிரித்துவிட்டார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மண்ணு தண்ணி குடிச்சா கனத்துப் பூடும். போக வழி இல்லனா செவுத்தத் தள்ளினு வந்துடும். ஜல்லில மண்ணு இருந்தா வழி தூந்துடும். அதான் கழுவச் சொன்னது." இத்தனை நாள் எனக்குள்ளேயே கிடந்த கேள்விக்குக் கிடைத்த பதில் அது.

மறுநாள் மழை விட்டதும் அவர் மறுபடி வந்தார். மிஷினில் அறுந்துபோன இரும்புக் கயிற்றைப் பிரித்து, இழைகளை வலை மாதிரி பின்னிக் கொண்டுவந்திருந்தார். ஓட்டைக்கு ஒன்றாகச் செருகினார். "தண்ணி வரும், பாம்பு வராது. போதுமா ஆயா?" மாமியார் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அவரை உட்காரவைத்துச் சோறு போட்டார்.

மாமியாரின் பயத்தை அவர் முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் ஒரு வழி செய்துவிட்டுப் போனாரே, அதுதான் இன்றும் என் மனதில் நிற்கிறது. யாராவது எதற்காவது பிடிவாதம் பிடித்தால், உள்ளே என்ன பயமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

அந்த மிஷினுக்கு என்ன பேர், அது எந்த வருஷம் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். இப்போது மகள் வீட்டோடு வெளியூரில் இருக்கிறேன், நடமாட்டமும் இல்லை. மழை நாளில் அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, அந்த ஓட்டைகளில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.