இரண்டாம் சீட்டு

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளைப் படித்துவிட்டு ஒரு சபையைத் திருத்திவிடலாம் என்று ஐம்பது வயதுக்கு மேல் நான் நம்பினேன். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துபவன். சபைகளின் வரலாறும் தெரியும். அப்படியும் நம்பினேன்.

அரியலூர் பக்கத்தில் எங்கள் சபை. தெருக்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் மறுபக்கம் உட்காருவோம். ஆண்டவர் நடுவில் இருப்பதாக ஐதீகம். மூப்பர் தேர்தல் வந்தால் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் காலனிக்காரர் ஒருவர் நிற்பார், தோற்பார். தெருவில் தலைகள் அதிகம். எங்களிடம் திருவிருந்தில் திராட்சரசக் கிண்ணத்தை ஏந்தி வருபவர் மூப்பர்தான். டிரைவர் ஜெயித்தால் தெரு அவர் கையிலிருந்து குடிக்க வேண்டும். அதுதான் சிக்கல் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஓட்டு மட்டும் போட்டார்கள்.

நான் தெருக்காரன். போதகரிடம் போய், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு ஆள் எடுத்தபோது ஆதிச்சபை ஓட்டுப் போடவில்லை, இரண்டு பேரை நிறுத்தி, ஜெபம் பண்ணி, சீட்டுப் போட்டது என்று வசனத்தைக் காட்டினேன். அவர் உடனே சம்மதித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டிரைவரையும், தெருவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரையும் முன்னால் நிறுத்தினார்கள். காணிக்கைப் பையில் இரண்டு சீட்டு. போதகர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். டிரைவர் பெயர்.

தெருப் பக்கமிருந்து ஒரு பெரியவர் நிதானமாக எழுந்தார்.

"ஐயா, ஜெபம் பத்தல. முழங்கால்ல நிக்காமயே எடுத்துட்டீங்க."

முழங்காலில் நின்றோம். மறுபடி எடுத்ததில் தலைமையாசிரியர் வந்தார். இந்தத் தடவை ஜெபம் போதுமானதாக இருந்தது. தெருப் பக்கம் அல்லேலூயா கூரையைத் தொட்டது. அப்போஸ்தலர்கள் ஒரே ஒரு தடவைதான் சீட்டுப் போட்டார்கள் என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் போதகர், வேதத்தின்படி நமக்கு வழிகாட்டிய சகோதரர் என்று என்னைக் காட்ட, கைதட்டினார்கள். கைதட்டலை வாங்கிக்கொள்ளவே எழுந்தவன்போல் ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் டிரைவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அடுத்த தடவ ஓட்டே வச்சிரச் சொல்லுங்க சார். ஓட்டுல இவங்ககிட்டதான் தோத்தேன். இப்ப ஆண்டவரே வேணாம்னுட்டாருன்னு வூட்ல போயி சொல்லணும்."